ஒரு கூரைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட்? கான்கிரீட் கணக்கு அடியிலிருந்து

வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை மூட்டை சிமெண்ட் இறக்கச் சொல்லட்டும்?" அனுபவமுள்ள மேஸ்திரி சென்ட்ரிங் பலகையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு முப்பது, முப்பத்தஞ்சு வச்சுக்கோங்க" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று பணம் கொடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். எதை எதோடு பெருக்குகிறோம், ஏன் பெருக்குகிறோம் என்பதுதான் விஷயம்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும்? அதிகமாக வாங்கினால் கொஞ்சம் பணம் முடங்கும், மழைக்காலமென்றால் மீந்த மூட்டை கட்டிபிடித்து வீணாகும். குறைவாக வாங்கினால்தான் ஆபத்து. கூரை பாதி போட்டு முடித்த நேரத்தில் சிமெண்ட் தீர்ந்து, கடைக்கு ஆள் அனுப்பி, வண்டி வந்து சேர்வதற்குள் முன்பு போட்ட கான்கிரீட்டின் ஓரம் இறுகிவிடும். தண்ணீர் பட்ட சிமெண்ட் இறுகத் தொடங்க 30 நிமிடமாவது ஆக வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. நடைமுறையில் இதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும், ஆனால் வெயில் நாளில் அதை நம்பி உட்கார முடியாது. இறுகிய ஓரத்தின் மேல் புதுக் கலவையைக் கொட்டினால் இரண்டும் ஒட்டாமல் ஒரு கோடு விழும். பின்னால் மழைத் தண்ணீர் இறங்குவது அந்தக் கோட்டின் வழியாகத்தான்.

முதலில் கன அளவு

சிமெண்ட், மணல், ஜல்லி எதையும் இப்போதைக்கு நினைக்க வேண்டாம். போட்டு முடித்த கான்கிரீட் எவ்வளவு இடத்தை அடைக்கப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்க வேண்டும். மூன்றும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

ஒரு அறையின் கூரையை எடுத்துக்கொள்வோம். வெளி அளவு 20 அடிக்கு 15 அடி, கனம் 5 அங்குலம். அங்குலத்தை அடியாக்க 12-ஆல் வகுக்க வேண்டும்: 5 ÷ 12 = 0.4167 அடி. ஆக 20 × 15 × 0.4167 = 125 கன அடி. இந்த இடத்தில் பலர் 5 அங்குலத்தை 0.5 அடி என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் 150 கன அடி வரும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்! அவசரத்தில் கால்குலேட்டர் தட்டும்போது நடக்கிற தவறுதான், ஆனால் விலை அதிகம்.

அறையின் நடுவே 15 அடி நீளத்துக்கு ஒரு பீம் ஓடுகிறது என்று வைப்போம். அகலம் 9 அங்குலம், மொத்த ஆழம் 17 அங்குலம். இந்த 17-இல் மேல் 5 அங்குலம் கூரைக்குள்ளேயே இருக்கிறது, அதை ஏற்கனவே கூரைக் கணக்கில் எடுத்துவிட்டோம். எனவே கூரைக்குக் கீழே தொங்கும் 12 அங்குலத்தை மட்டும் கூட்ட வேண்டும்: 15 × 0.75 × 1 = 11.25 கன அடி. கூரையும் பீமும் சேர்த்து 136.25 கன அடி. இந்த எண்ணைக் கட்டுரை முழுக்கக் கூடவே வைத்துக்கொள்வோம்.

பில்லர் எளிது: 9 அங்குலத்துக்கு 12 அங்குலப் பில்லர் 10 அடி உயரம் என்றால் 0.75 × 1 × 10 = 7.5 கன அடி. அடித்தளத்தில் ஃபுட்டிங் (பில்லரைத் தாங்கும் அகலமான அடிப்பாதம்) சரிவாக ஏறினால் மட்டும் சற்றுக் கவனம் தேவை. கீழே 4 அடிக்கு 4 அடி, மேலே ஒன்றரைக்கு ஒன்றரை, சரிவின் உயரம் 1 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பரப்பு 16, மேல் பரப்பு 2.25. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 9.13 கன அடி வரும், அது கூடுதல். இரண்டு பரப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 6. மூன்று எண்களையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் 8.08. அதுதான் சரியான கன அளவு.

உள்ளே இருக்கும் கம்பியைக் கழிக்க வேண்டுமா? வேண்டாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 100 கிலோ கம்பி இருந்தாலும் அது அடைக்கும் இடம் ஒன்றேகால் சதவீதம்தான். அரசுப் பணிகளின் அளவெடுப்பிலும் கம்பிக்குக் கழிவு கிடையாது.

விகிதம் எதைச் சொல்கிறது

'1:1.5:3' என்று வரைபடத்தில் எழுதியிருக்கும். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இந்தப் பங்குகள் எடையில் அல்ல, கன அளவில். அதுவும் குலுக்கி அமுக்காமல் தளர்வாகக் கொட்டிய அளவில். நம் ஊர் வழக்கத்தில் இந்த விகிதத்தை எம் 20 தரத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். 150 மில்லிமீட்டர் கனசதுரமாக வார்த்து 28 நாள் தண்ணீரில் வைத்து நசுக்கிப் பார்த்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும் என்பதே அந்த 20. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இதற்குக் குறைந்த தரம் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற தரநிலை நூல், 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்.

சரி, 136.25 கன அடியை 1 + 1.5 + 3 = 5.5 பங்காகப் பிரித்துவிட்டால் விடை வந்துவிடாதா? வராது. புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு 10 லிட்டர் வாளியில் முக்கால் அங்குல ஜல்லியை விளிம்பு வரை நிரப்புங்கள். பார்வைக்கு வாளி நிறைந்துவிட்டது. இப்போது அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். வழிவதற்குள் நாலு, நாலரை லிட்டர் உள்ளே போய்விடும். அதாவது 10 லிட்டர் ஜல்லி என்று நாம் சொன்னதில் கல் ஐந்தரை லிட்டர்தான், மீதி இடுக்கு. மணலுக்குள்ளும் இப்படியே இடுக்கு உண்டு. சிமெண்ட் தூளில் காற்று இன்னும் அதிகம்: ஒரு மூட்டை சிமெண்ட் தளர்வாக 34.7 லிட்டர் இடத்தைப் பிடிக்கும், அதில் தூளின் சொந்த அளவு 16 லிட்டர்கூட இல்லை.

கலக்கும்போது ஜல்லி இடுக்கில் மணல் புகும், மணல் இடுக்கில் சிமெண்ட் பசை புகும். ஆகவே தனித்தனியாக அளந்த ஐந்தரைப் பெட்டிகள் சேர்ந்து ஐந்தரைப் பெட்டி கான்கிரீட் தராது, மூன்றரைப் பெட்டி போலத்தான் தரும். இந்தச் சுருக்கத்தை ஈடுகட்டத்தான் 1.54 என்ற எண். போட்டு முடித்த ஒரு பங்கு கான்கிரீட்டுக்கு, உலர்ந்த பொருள் எல்லாம் சேர்த்து 1.54 பங்கு வேண்டும். சிலர் 1.52 என்பார்கள், சிலர் 1.57 வரை போவார்கள். இது இயற்கை விதி அல்ல. பல பணிகளில் செய்து பார்த்து வந்த அனுபவ எண். ஜல்லியின் வடிவம், மணலின் பருமன், ஈரம் இவற்றைப் பொறுத்துச் சற்று ஏறும், இறங்கும்.

இனி நம் கூரைக்கு வருவோம்.

உலர் அளவு: 136.25 × 1.54 = 209.8 கன அடி.
ஒரு பங்கு: 209.8 ÷ 5.5 = 38.15 கன அடி. இதுதான் சிமெண்ட்.
மணல்: 38.15 × 1.5 = 57.2 கன அடி.
ஜல்லி: 38.15 × 3 = 114.4 கன அடி.

சிமெண்டை மூட்டையாக்க வேண்டும். 50 கிலோ மூட்டை 34.7 லிட்டர் என்றோம், கன அடியில் அது ஏறத்தாழ 1.225. எனவே 38.15 ÷ 1.225 = 31.1 மூட்டை. சிந்துவது, மெஷினில் ஒட்டுவது, பலகை இடுக்கில் ஒழுகுவது எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 33 மூட்டை, 60 கன அடி மணல், 120 கன அடி ஜல்லி. மேஸ்திரி சொன்ன "முப்பது, முப்பத்தஞ்சு" எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அவர் கையில் பேனா இல்லை, கணக்கு இருந்தது.

ஒவ்வொரு தடவையும் இவ்வளவு வகுக்க வேண்டியதில்லை. நம் ஊரில் மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில்தான் விற்பனை, ஒரு யூனிட் 100 கன அடி. போட்டு முடித்த கான்கிரீட்டையும் 100 கன அடியாகவே வைத்து மனப்பாடம் செய்துகொண்டால் எளிது. 1:1.5:3 கலவையில் 100 கன அடிக்கு 23 மூட்டை, 42 கன அடி மணல், 84 கன அடி ஜல்லி. 1:2:4 என்றால் 18 மூட்டை, 44 மணல், 88 ஜல்லி. அடித்தளத்துக்குக் கீழே ஒன்றரை அங்குல ஜல்லி வைத்துப் போடும் 1:4:8 கலவைக்குப் பத்து மூட்டைக்குச் சற்றுக் குறைவு, 47 மணல், 95 ஜல்லி. விகிதம் மாறும்போது மணலும் ஜல்லியும் பெரிதாக மாறுவதில்லை, சிமெண்ட் மட்டும் தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள்.

மீட்டரில் கணக்குப் போடுகிறவர்களுக்கு: ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. எம் 20-க்கு ஒரு கன மீட்டருக்கு 8.06 மூட்டை, அதாவது 403 கிலோ சிமெண்ட், 0.42 கன மீட்டர் மணல், 0.84 கன மீட்டர் ஜல்லி.

1.54-ஐச் சோதித்துப் பார்ப்போம்

ஒரு எண்ணை யாரோ சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளாமல் வேறு வழியில் போட்டுப் பார்ப்பது நல்லது. இடுக்கைக் கணக்கில் சேர்க்காமல், ஒவ்வொரு பொருளின் சொந்தக் கன அளவை மட்டும் கூட்டிப் பார்க்கலாம். ஒரு மூட்டைக் கலவையை எடுங்கள். 50 கிலோ சிமெண்ட். மணல் ஒன்றரைப் பங்கு, அதாவது 52 லிட்டர்; உலர்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ என்றால் 83 கிலோ. ஜல்லி 104 லிட்டர், லிட்டருக்கு 1.5 கிலோ வைத்தால் 156 கிலோ. தண்ணீர் 27.5 லிட்டர்.

சிமெண்ட் தண்ணீரைவிட 3.15 மடங்கு கனமானது, எனவே 50 ÷ 3.15 = 15.9 லிட்டர். மணலுக்கு 2.6 வைத்தால் 32 லிட்டர். ஜல்லிக்கு 2.7 வைத்தால் 57.8 லிட்டர். தண்ணீரையும் கூட்டினால் 133 லிட்டர். எவ்வளவு அதிர்வு கொடுத்தாலும் வெளியேறாத காற்று 2 சதவீதம் என்று சேர்த்தால் 136 லிட்டர். ஒரு மூட்டைக்கு 136 லிட்டர் கான்கிரீட். அப்படியானால் ஒரு கன மீட்டருக்கு 7.4 மூட்டை போதும்!

முன்பு 8.06 வந்தது, இப்போது 7.4. நம் கூரைக்கு இது கிட்டத்தட்ட மூன்று மூட்டை வித்தியாசம். எது சரி?

இரண்டிலும் கணக்குப் பிழை இல்லை. இரண்டாவது வழியில் மணல் முற்றிலும் உலர்ந்தது என்றும், பெட்டி ஒவ்வொரு முறையும் ஒழுங்காக நிரம்பியது என்றும் வைத்துக்கொண்டோம். களத்தில் மணல் ஈரமாக இருக்கும், பெட்டியில் உண்மையான மணல் குறைவாகவே ஏறும். அதனால் ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் கான்கிரீட்டும் குறையும். 1.54 அந்தக் களத்து உண்மையை ஓரளவு உள்ளே வைத்திருக்கிறது. பொருள் வாங்க 1.54 போதும் என்பேன். தரத்தைத் தீர்மானிக்க எடைக் கணக்குதான் சரி.

ஐ.எஸ். 456-ம் எடையைத்தான் பேசுகிறது. எம் 20-க்கு 50 கிலோ சிமெண்டுடன் மணலும் ஜல்லியும் சேர்த்து உலர் எடை 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர் என்கிறது அதிலுள்ள அட்டவணை. நம் கலவையில் 83 + 156 = 239 கிலோ வந்ததே, அந்த வரம்புக்குள்தான் இருக்கிறோம். எம் 15-க்கு இந்த 250 கிலோ 330 ஆகிறது, எம் 10-க்கு 480. சிமெண்டை மட்டும் எப்போதும் மூட்டைக் கணக்கில், அதாவது எடையில்தான் போட வேண்டும். மூட்டையைப் பிரித்துப் பெட்டியில் அளந்தால், கொட்டுகிற விதத்துக்கு ஏற்ப அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

ஈர மணல்

என்னைக் கேட்டால் களத்தில் அதிகத் தவறு நடப்பது இங்கேதான்.

மணல் கொஞ்சம் ஈரமானால் ஒவ்வொரு துகளையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் பிடிக்கும். அந்தப் படலம் துகள்களை ஒன்றையொன்று நெருங்கவிடாது. அதே மணல் அதிக இடத்தை அடைக்கும், உப்பிக்கொள்ளும். 4 முதல் 6 சதவீத ஈரத்தில் இது உச்சத்தில் இருக்கும். 25 சதவீதம், மென்மணலில் அதற்கும் மேலே போகும். முழுக்க நனைந்துவிட்டால் படலம் உடைந்து மணல் பழையபடி அமர்ந்துவிடும். ஜல்லிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பக்கம் நேராக இருக்கும் ஒரு டப்பாவில் களத்து மணலை மூன்றில் இரண்டு பங்குக்குத் தளர்வாகப் போட்டு, மேற்பரப்பைச் சமன் செய்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைப்போம். மணலைச் சிந்தாமல் வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, டப்பாவில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பாதி மணலைப் போட்டுக் கம்பியால் குத்துங்கள், அப்புறம் மீதியையும் போட்டுக் குத்தி, சமன் செய்து அளங்கள். 16 சென்டிமீட்டர் வந்தால் 20 ÷ 16 = 1.25. மணல் 25 சதவீதம் உப்பியிருக்கிறது.

அப்படியானால் நம் கூரைக்கு 60 கன அடி மணல் போதாது, 60 × 1.25 = 75 கன அடி வேண்டும். கலக்கும்போதும் ஒரு பெட்டிக்கு ஒன்றேகால் பெட்டி போட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் கலவையில் மணல் குறைந்து ஜல்லி தூக்கிக்கொண்டு நிற்கும், பலகை பிரித்ததும் அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் தெரியும். மழைக்கு மறுநாள் கான்கிரீட் போடுகிறவர்கள் இந்த டப்பாச் சோதனையை விடவே கூடாது. பத்து நிமிட வேலைதான்.

ஆற்று மணல் அரிதாகி எம்-சாண்ட் வந்த பிறகும் இது பொருந்தும். கழுவி வரும் எம்-சாண்ட் ஈரத்தோடுதான் லாரியில் ஏறுகிறது. அதோடு உடைத்த கல் ஆகையால் துகள்கள் முனையோடு இருக்கும், கலவை இளக ஆற்று மணலைவிடச் சற்று அதிகத் தண்ணீர் கேட்கும். பூச்சு வேலைக்கான பி-சாண்டைக் கான்கிரீட்டில் கலந்துவிடாதீர்கள், அது மிக நைசானது.

வண்டியில் வரும் சரக்கையும் அளந்தே இறக்க வேண்டும். லாரிப் பெட்டியின் உள் நீளம், உள் அகலம், சமன் செய்த பின் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட். நடுவில் குவிந்திருப்பதைப் பார்த்து உயரம் எடுத்தால் ஏமாற்றம்தான். நாலு மூலையிலும் நடுவிலும் கம்பி விட்டு அளந்து சராசரி எடுங்கள். எடைமேடைச் சீட்டு கையில் இருந்தால் இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. உலர்ந்த மணல் ஒரு யூனிட் நாலரை டன் அளவில் இருக்கும், ஜல்லி நாலேகால் டன். சீட்டில் உள்ள எடை இதிலிருந்து வெகு தூரம் விலகினால் ஏன் என்று கேட்கலாம்.

தண்ணீரும் ஒரு பொருள்தான்

பட்டியல் போடும்போது எல்லோரும் மறப்பது தண்ணீர். குழாயில் வருகிறது என்பதால் கணக்கு வேண்டாம் என்று நினைக்கிறோம். ஆனால் வலிமையை மற்ற எதையும்விட அதிகமாக நிர்ணயிப்பது இதுதான். 1918-இல் சிகாகோவின் லூயிஸ் இன்ஸ்டிடியூட்டில் டஃப் ஆப்ரம்ஸ் என்பவர் ஏராளமான கலவைகளை நசுக்கிப் பார்த்து, சிமெண்டுக்குத் தண்ணீர் எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே வலிமை என்று சொன்னார். தண்ணீர் ஏற ஏற வலிமை இறங்கும். காரணம் எளிது: சிமெண்டோடு ரசாயன முறையில் பிணைவது அதன் எடையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவான தண்ணீர்தான். கலவை இளகுவதற்காக நாம் கூடுதலாக ஊற்றுவதில் பெரும்பகுதி பிற்பாடு வெளியேறும், வெளியேறிய இடமெல்லாம் நுண்துளை.

சாதாரணச் சூழலில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 அனுமதிக்கும் அதிகபட்ச விகிதம் 0.55. ஒரு மூட்டைக்கு 50 × 0.55 = 27.5 லிட்டர். 33 மூட்டைக்கு 900 லிட்டருக்குச் சற்று மேல். கலப்பதற்கு மட்டும் இவ்வளவு; மெஷின் கழுவ, பலகை நனைக்க, பிறகு நாள்தோறும் கூரையை நனைத்து வைக்க வேண்டியது தனி.

மணலில் ஏற்கனவே இருக்கும் தண்ணீரை இதில் கழிக்க வேண்டும். ஒரு மூட்டைக் கலவையில் 83 கிலோ மணல் என்றோம். 5 சதவீத ஈரம் இருந்தால் 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. அதை மறந்து முழுதாக 27.5 ஊற்றினால் உண்மையில் 31 லிட்டர் தாண்டிவிடும். கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றச் சொல்வார்கள். அந்தக் கை நீளும்போது வீட்டுக்காரர் தடுக்க வேண்டும். இளக்கம் வேண்டுமென்றால் அதற்கென உள்ள ரசாயனக் கலப்புப் பொருளைச் சிமெண்ட் எடைக்கேற்பச் சேர்க்கலாம், வைப்ரேட்டரை ஒழுங்காக ஓட்டலாம்.

எம் 25 கேட்டால்

இப்போது பல வரைபடங்களில் எம் 25 என்று வருகிறது. கடற்கரைப் பக்கம் என்றால் அதற்கும் மேல். இணையத்தில் தேடினால் எம் 25-க்கு 1:1:2 என்று விகிதம் கிடைக்கும். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 1.54 ÷ 4 = 0.385 கன மீட்டர், அதை 1440-ஆல் (ஒரு கன மீட்டர் தளர்வான சிமெண்டின் எடை, கிலோவில்) பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கு 554 கிலோ சிமெண்ட், 11 மூட்டை. ஐ.எஸ். 456 பொதுவாக 450 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்கிறது. சிமெண்ட் மிதமிஞ்சினால் சூடு கூடும், காயும்போது சுருக்கம் கூடும், விரிசல் விழும். பணத்தையும் கொட்டி விரிசலையும் வாங்குவானேன்?

எம் 20-க்கு மேல் போனால் விகிதத்தை நாமே எழுதக் கூடாது. நம் ஊர் ஜல்லி, நம் ஊர் மணல், வாங்கப்போகும் சிமெண்ட் மூன்றையும் ஆய்வகத்தில் கொடுத்துக் கலவை வடிவமைப்பு செய்து வாங்க வேண்டும். அவர்கள் தரும் தாளில் எல்லாம் கிலோவில் இருக்கும், ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று. பொதுவாக 1:1:2 கேட்பதைவிட வெகுவாகக் குறைந்த சிமெண்டிலேயே எம் 25 கிடைத்துவிடும். ஆலையிலேயே கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் வாங்கினால் இந்த வேலையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது முதலில் போட்ட கன அளவையும் தரத்தையும்தான். அங்கே 1.54 கிடையாது, 136.25 கன அடிக்கு 3.86 கன மீட்டர், சேதாரம் சேர்த்து 4 என்று சொன்னால் போதும்.

கலக்கும் நாளில்

தாளில் போட்ட கணக்கு களத்தில் நிற்க வேண்டுமென்றால் மம்பட்டியால் அள்ளிப் போடுவதை நிறுத்த வேண்டும். ஒருவர் அள்ளுவதும் இன்னொருவர் அள்ளுவதும் ஒன்றாக இருக்காது. சட்டிக் கணக்கும் காலையில் தலைதட்டி, மாலையில் கூம்பாகிவிடும். ஒரு மூட்டைக்குச் சமமான 35 லிட்டர் பெட்டி செய்துகொள்ளுங்கள்: உள் அளவு 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம். ஒரு மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி, ஒவ்வொன்றும் கட்டையால் தலைதட்டியது. சட்டிதான் வசதி என்றால், ஒரு பெட்டிக்கு எத்தனை சட்டி என்று முதலில் அளந்து பார்த்துவிட்டு அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

வேலை நடக்கும்போதே கணக்கைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. நம் கணக்கில் ஒரு மூட்டைக்கு 136.25 ÷ 31.1 = 4.38 கன அடி கான்கிரீட். 5 அங்குலக் கனத்தில் அது பத்தரை சதுர அடி கூரை. பீமுக்குத் தனியாக இரண்டரை மூட்டைக்குச் சற்று மேல் போகும். காலிப் பைகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பீமுக்கு ஆனது போக 15 பை காலியாகும்போது 155 சதுர அடி சுமாருக்கு முடிந்திருக்க வேண்டும். 120 சதுர அடிதான் முடிந்திருக்கிறது என்றால் கூரை ஐந்து அங்குலத்துக்குப் பதில் ஆறரை அங்குலமாகப் போய்க்கொண்டிருக்கலாம், அல்லது பெட்டியில் மணல், ஜல்லி குறைகிறது. ஒரு கம்பியைக் குத்திக் கனத்தை அளந்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். 190 சதுர அடி முடிந்திருந்தால் அதைவிடக் கவலை: கனம் குறைகிறது, அல்லது மணலும் ஜல்லியும் பெட்டிக்கு மேல் விழுந்து சிமெண்ட் நீர்த்துப் போகிறது.

இந்தச் சரிபார்ப்பைப் பாதி வேலை முடியும் முன்பே செய்துவிடுங்கள். கூடுதல் சிமெண்ட் தேவை என்று தெரிந்தால், கையில் இன்னும் பத்து மூட்டையாவது இருக்கும்போதே கடைக்குப் போன் போட வேண்டும்.